என்ன ஆகும், சொல்லு

‘ஒண்ணும் ஆகாது’ என்ற பேச்சை அக்காவின் வாயிலிருந்து நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. டெல்லியில் நான் இருந்த வருடங்களில் அதைச் சொல்லாத வேறு ஆளே கிடையாது. ஸ்கூல் பஸ் வரத் தாமதமானால் வாட்ச்மேன் சொல்வான். பிள்ளையின் காய்ச்சலுக்கு மாத்திரை எழுதிக்கொண்டே டாக்டர் சொல்வார். என் வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே எங்கள் திருநெல்வேலிப் பேச்சில் சொல்வார்: “ஒண்ணும் ஆவாது, போய் வேலையைப் பாரு ஏளா.”

நான் பயந்த சுபாவம். கேஸை மூடினேனா என்று பாதிப் படியிலிருந்து திரும்பி ஏறிப் போய்ப் பார்ப்பேன். பார்த்துவிட்டு இறங்கும்போது, பார்க்கிற சாக்கில் திறந்துவிட்டு வந்துவிட்டேனோ என்று தோன்றும். இப்படிப்பட்டவளுக்கு ஊரே ஒரு மருந்தைத்தான் கொடுத்துக்கொண்டிருந்தது. அக்கா மட்டும் அதைக் கொடுக்க மாட்டார். பயமாக இருக்கிறது என்று நான் சொன்னால், கையிலிருக்கும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்.

“என்ன ஆகும்? சொல்லு.”

சொல்லித்தான் ஆக வேண்டும். சொல்லி முடிக்கும்வரை விட மாட்டார்.

கூடப் பிறந்த அக்கா இல்லை. வீடுகளுக்கு வரைபடம் போடுகிறவர். அதிலும் மலைச்சரிவில் கட்டுகிற வீடுகள். அந்தக் காலத்தில் டெல்லியில் ரிட்டயர் ஆகப்போகிறவர்களுக்கு நைனிடால் பக்கம் ஒரு துண்டுச் சரிவை வாங்கிப்போடுகிற ஆசை பிடித்திருந்தது. பனிமலை தெரிய வேண்டும், நான்கு பக்கமும் கண்ணாடி வேண்டும், ஆனால் யாரும் தங்களைப் பார்க்கக் கூடாது. இந்த மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிக்கொண்டு மயூர் விஹாரில் எங்கள் பிளாக்குக்குக் கீழே, ஒரு கார் கொட்டகையில் இருந்த அவர் ஆபீசுக்கு வருவார்கள்.

எட்டாவதோடு படிப்பை நிறுத்தின எனக்கு அங்கே என்ன வேலை என்றால், அதற்கு என் வீட்டுக் கொலுதான் காரணம். சுண்டலுக்கு வந்தவர் பொம்மைகளைப் பார்க்கவில்லை. பக்கத்தில் நான் கட்டியிருந்த மலைக்கு முன்னால் புடவையோடு குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். அட்டையும் களிமண்ணும் வைத்துக் கட்டி, கடுகு முளைக்கப்போட்ட மலை. உச்சியில் கோயில், சரிவில் தீப்பெட்டியில் ஒரு வீடு. அந்த வீட்டுக்குப் பின்னால் விரலால் ஒரு சின்ன வாய்க்கால் இழுத்துவிட்டிருந்தேன்.

“இது எதுக்கு?”

“கடுகுக்குத் தண்ணி தெளிக்கும்போது தீப்பெட்டி நனைஞ்சிருமோன்னு பயமா இருந்துச்சுக்கா.”

“அச்சா. பொம்மை வீட்டுக்கே பயமா?” என்றார். திட்டுகிறாரா, மெச்சுகிறாரா என்று தெரியவில்லை. தீபாவளி கழிந்ததும் அவர் மேஜையில் உட்கார்ந்து அட்டை வெட்டிக்கொண்டிருந்தேன். மலையின் சரிவை அட்டை அடுக்குகளாக வெட்டி ஒட்டி, அதன்மேல் வீட்டை வைத்துக் காட்டுகிற வேலை.

பருத்திப் புடவை, காலில் கான்வாஸ் ஷூ, வாயில் எப்போதும் சோம்பு. பிறந்து வளர்ந்தது டெல்லி என்பதால் தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். எந்த வீட்டுக்குள் போனாலும் முதலில் ஒவ்வொரு ஜன்னலாகப் போய் நிற்பார். வெளியே என்ன தெரிகிறது என்று பார்க்கிறார் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். அவர் பார்த்தது, உள்ளே நிற்பவர் யாருக்கெல்லாம் தெரிகிறார் என்பதை. என் சமையல்கட்டில் அப்படி நின்றுவிட்டு, “தேக்கோ, எதிர் பிளாக் மூணாவது மாடிக்காரர் டீ குடிக்கும்போது நீ என்ன தாளிக்கறேன்னு சொல்லிடுவார்” என்றார். சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஒரு மாதம் நான் ஜன்னலைத் திறக்காமல் புகையில் சமைத்தேன்.

அவர் பேச்சில் இனிப்பு கிடையாது. ஒரு பூமி பூஜையில், தேங்காய் உடைத்துக் கற்பூரம் காட்டிக்கொண்டிருக்கும்போதே அந்த வீட்டு அம்மாளிடம் கேட்டார்: “பனிக்காலத்துல உங்க வீட்டுக்காரருக்கு நெஞ்சு வலி வந்தா, எந்த வழியாத் தூக்கிட்டு இறங்குவீங்க?” அந்த அம்மாள் கற்பூரத் தட்டைக் கீழே வைத்துவிட்டார்கள். “நல்ல காரியம் நடக்குற இடத்துல உங்களுக்கு வாயில நல்ல வார்த்தையே வராதா?” என்று கேட்டார்கள். அந்த வேலை போய்விட்டது. திரும்பி வரும்போது அக்கா, “படி ரொம்பச் செங்குத்து” என்றார். அபசகுனம் பிடித்தவள் என்று பின்னால் பேசினார்கள். எனக்கும் சில நாள் அப்படித்தான் தோன்றும். ஆனால் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது மட்டும் என் நெஞ்சுப் படபடப்பு குறையும். என் பயத்தைப் பார்த்துச் சிரிக்காத ஒரே ஆள்.

ராமநாதன் சார் வீடுதான் நாங்கள் சேர்ந்து செய்ததில் பெரியது. சார் திருச்சிக்காரர், மத்திய அரசில் நல்ல பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர். அவர், மனைவி, மகன், மருமகள் ரேவதி என்று நான்கு பேரும் ஒரு மத்தியானம் கொட்டகைக்கு வந்தார்கள். மேஜைமேல் நான் செய்த அட்டை மலை.

“சுத்தி உயரமா ஒரு காம்பவுண்ட் போட்டுடலாம்மா. பிரைவசி முக்கியம்” என்றார் சார்.

அக்கா ஒரு குண்டூசியை எடுத்து மலையின் மேல் அடுக்கில் குத்தினார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதன் உயரத்துக்குக் குனிந்தார். “இது மேல்பாதை. புல்லுக்கட்டு சுமந்துட்டு ஒரு பொம்பளை இதுல போறா. நீங்க எவ்வளவு உயரம் சுவர் வெச்சாலும் அவளுக்கு உங்க பாத்ரூம் தெரியும். இது டெல்லி இல்ல சார். உங்களுக்கு எவ்வளவு தூரம் தெரியுதோ, அவ்வளவு தூரத்துக்கும் நீங்க தெரிவீங்க.”

பிறகு ஆளுக்கொரு சட்டைப் பொத்தானைக் கொடுத்தார். “ஒரு மத்தியானம் வீட்ல நீங்க தனியா இருக்கீங்க. எங்க போய் உக்காருவீங்க? வெச்சுக் காட்டுங்க.”

சார் முன்பக்கம், பனிமலைக்கு நேராக வைத்தார். அவர் மனைவி எல்லாக் கதவும் கண்ணில் படுகிற மாதிரி கூடத்து நடுவில் வைத்தார். மகன் மொட்டை மாடியில். ரேவதி மட்டும் பொத்தானை உள்ளங்கையில் மூடிக்கொண்டாள்.

“எங்கன்னாலும் பரவால்ல.”

“பரவால்லங்கற இடம் இந்த அட்டையில எங்க இருக்குன்னு காட்டேன்.”

மாமியாரைப் பார்த்தாள். பிறகு, வீட்டின் பின்னால், மலையை வெட்டுகிற இடத்தில், மண்ணை ஒட்டினாற்போல வைத்தாள்.

“நல்லா இருக்கே!” என்று சிரித்தார் மாமியார். “ஊரெல்லாம் பனிமலையைப் பாக்க ஆலாப் பறக்குது. எங்க மருமக மண்ணைப் பாத்து உக்காரப் போறாளாம்.”

அவர்கள் டெல்லியில் இருந்தது இரண்டே அறை. அழ வேண்டுமென்றால் ரேவதி குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுத்தான் அழ வேண்டும் என்று அவள் பின்னொரு நாள் என்னிடம் சொன்னாள். அக்காவிடம் அவள் எதையும் சொன்னதில்லை. ஆனால் அந்தப் பொத்தானை அக்கா எடுக்கவில்லை. அது இருந்த இடத்திலேயே ஒரு அறை வந்தது. அறைக்கும் மலையைத் தாங்கி நிற்கிற சுவருக்கும் நடுவில் ஒரு சின்ன முற்றம். மேலே ஆகாயம், சுற்றிலும் பெரணிச் செடித் தொட்டிகள், மேல்பாதையிலிருந்து குனிந்து பார்த்தாலும் தெரியாத ஒரு மூலை. தாங்குசுவரில் வரிசையாகக் குழாய்கள் பதித்தார்கள். மழைக்காலத்தில் மலை குடிக்கிற தண்ணீர் அந்தக் குழாய் வழியாகச் சொட்டி, முற்றத்துக் கால்வாயில் இறங்கிப் போகும்.

“குழாய் அடைஞ்சுபோனா, தண்ணி எல்லாம் சுவருக்குப் பின்னாடியே நிக்குமேக்கா?” என்று அட்டை ஒட்டும்போதே கேட்டேன்.

“நின்னா? என்ன ஆகும்?”

“சுவர் தள்ளிட்டு வரும். பக்கத்துல இருக்கறது ரேவதி ரூம்.”

“சரி” என்று குழாய்களின் எண்ணிக்கையைக் கூட்டினார்.

வீடு முடிந்து, பால் காய்ச்சி, ரேவதிக்குக் குழந்தையும் பிறந்தது. குழந்தைக்கு முதல் பிறந்தநாளும் காதுகுத்தும் மலை வீட்டில்தான் என்று சார் பிடிவாதமாக நின்று, நல்ல மழைக்காலத்தில் உறவுக்காரர்களையும் அழைத்துக்கொண்டு போயிருந்தார். அங்கே அப்போது போன் கிடையாது. ஒருநாள் காலையில் கொட்டகை போன் அடித்தது. சார் கீழே கடைத்தெருவுக்குக் காய்கறி வாங்க வந்தவர், எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசினார். ரொம்ப சந்தோஷத்தில் இருந்தார். அவர் சத்தம் எனக்கே கேட்டது.

“உன் சுவரை நான் சரி பண்ணிட்டேம்மா! ஓட்டை ஓட்டையா ஒரே ஒழுகல். குழந்தை துணி காயல, தவளை வேற. பஜார்லேர்ந்து ஆளைக் கூட்டிட்டு வந்து எல்லாத்தையும் சிமெண்ட் வெச்சு அடைச்சாச்சு. மேல வாட்டர் ப்ரூஃப் பூச்சு. இப்ப ஒரு சொட்டு இல்ல!”

இதை வெளியூர்க்காரர்கள் புரிந்துகொள்ள மாட்டார்கள். டெல்லி அடுக்குமாடியில் பாதி வாழ்க்கை மேல்வீட்டு ஒழுகலோடுதான் போகும். சாரின் கூரையிலும் மேல்வீட்டுக் குளியலறைத் தண்ணீர் ஒரு தேசப்படமே வரைந்திருந்தது. வருடக்கணக்காக அந்தச் சண்டை நடத்தியவர். ஈரச் சுவரைக் கண்டால் அடைக்காமல் அவரால் இருக்க முடியாது.

அக்காவின் வாயில் சோம்பு நின்றுவிட்டது. “மழை பெய்யுதா சார்?”

“நாலு நாளா விடாம.”

“அப்ப அந்தத் தண்ணி எல்லாம் எங்க போச்சு?”

“எங்கயும் இல்லைன்னுதானே சொல்றேன்!”

“சார், தயவுசெய்து கேளுங்க. ரேவதியையும் குழந்தையையும் இப்பவே அந்த ரூம்லேர்ந்து முன்பக்கம் மாத்துங்க. அடைச்சதை எல்லாம் திறக்கணும்.”

“வீடு பூரா ஜனம்மா. இன்னிக்குச் சாயங்காலம் குழந்தைக்குக் காதுகுத்து. அபசகுனமாப் பேசாத. ஒண்ணும் ஆகாது. இங்க மீட்டர் ஓடுது, வெச்சுடறேன்.”

திரும்பக் கூப்பிட நம்பர் இல்லை. அக்கா வேன் சாவியை எடுத்தார். “ஜல்தி, ஏறு” என்றார். நான் வீட்டுக்காரரின் ஆபீசுக்குப் போன் போட்டுச் சொன்னேன். “ஒண்ணும் ஆவாது, அவங்க போனாப் போகட்டும், நீ எதுக்கு?” என்றார். எனக்கே தெரியவில்லை. ஏறிவிட்டேன்.

ஹாப்பூர் தாண்டும்போது மழை பிடித்தது. மொராதாபாத்தில் லாரிகள் நகரவில்லை. வழியெல்லாம் அவர் என்னைக் கேட்டுக்கொண்டே வந்தார்: “என்ன ஆகும்? சொல்லு.” சொன்னேன். சுவர் ஒரேயடியாக விழுமா, மெல்லச் சாயுமா. குழந்தை தூங்குகிற நேரம் எது. ரேவதியின் கட்டில் எந்தப் பக்கம். இரும்புக்கம்பி வீட்டில் இருக்குமா. அப்படித்தான் நினைவு வந்து, மலை ஏறுமுன் அக்கா அவருடைய பழைய கொத்தனார் மிஸ்திரியின் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, அவரையும் கடப்பாரைகளையும் ஏற்றிக்கொண்டார். அதற்குமேல் எனக்குச் சொல்ல ஒன்றுமே மீதி இல்லை. என் வாழ்க்கையில் பயம் தீர்ந்துபோய் வெறுமையாக உட்கார்ந்திருந்தது அன்று மட்டும்தான். அதுவும் பாதையோரம் மண் சரிந்து கிடந்ததைப் பார்க்கும்வரைதான்.

“ஒரே ஒரு தடவை சொல்லுங்கக்கா, ஒண்ணும் ஆவாதுன்னு.”

ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு முன்னாலேயே பார்த்தார். “தெரியாததை எப்படிச் சொல்றது, செண்பகம்?”

வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேர்ந்தோம். வீடு நின்றது. காதுகுத்து முடிந்து கண்ணாடிக் கூடத்தில் பந்தியே நடந்துகொண்டிருந்தது. அக்கா சேறு ஒட்டின ஷூவைக் கழற்றாமல், இலைகளுக்கு நடுவே, பூஜை மாடத்தைத் தாண்டி நேராகப் பின்னறைக்குப் போனார். யாரோ “ஐயையோ, செருப்போட!” என்றார்கள். நான் அவசரமாகச் செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்னால் ஓடினேன். குழந்தை கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தது. ரேவதி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அக்கா குழந்தையைத் தூக்கி என் கையில் கொடுத்து, “ரெண்டு பேரும் முன்னாடி போங்க” என்றார்.

ரேவதி நகரவில்லை. ஜன்னல் வழியாக முற்றத்தைப் பார்த்தாள். தாங்குசுவரின் நடுவில், பெரணித் தொட்டிகள் எல்லாம் ஒரே இடத்தில் நெருக்கி அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. முன்பு அவை சுற்றிலும் பரந்து இருக்கும். அக்கா முற்றத்தில் ஒரு காலை வைத்து, ஒரு தொட்டியை நகர்த்தினார். பின்னால் விரல் நுழைகிற விரிசல். சுவர் அந்த இடத்தில் லேசாக வயிறு தள்ளியிருந்தது.

ரேவதி என் காதோடு சொன்னாள். “ரெண்டு நாளா இருக்குக்கா. சொன்னா ரூமைப் பூட்டிடுவாங்க. மறுபடி கூடத்துலதான் படுக்கணும்.”

அக்காவுக்கு அது கேட்டது. திரும்பி அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தொட்டியை இருந்த இடத்திலேயே நகர்த்தி வைத்தார்.

எங்களை வெளியே தள்ளி, சுவருக்கு நேரே நிற்காமல் ஓரமாக ஒதுங்கி, மிஸ்திரியும் அவருமாக மேல் வரிசைக் குழாய்களிலிருந்து குத்தத் தொடங்கினார்கள். முதல் அடைப்பு உடைந்ததும் செம்மண் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு எதிர்ச் சுவரில் போய் அடித்தது. அடுத்தது. அதற்கடுத்தது. முற்றத்துக் கால்வாய் அவ்வளவையும் தாங்கவில்லை. தண்ணீர் வாசல்படி ஏறி ரேவதியின் அறைக்குள் நுழைந்தது. புது மெத்தை, தொட்டில், காதுகுத்துக்கு எடுத்த பட்டு எல்லாம் சேற்றில் மிதந்தன. கூடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எழுந்து வந்து நின்று பார்த்தார்கள். மழை இரைச்சலுக்கு மேலே, சுவருக்குப் பின்னால் எதுவோ கடகடவென்று உருளும் சத்தம். குழந்தையை இறுக்கிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டேன். சத்தம் நின்றது. சுவர் நின்றது. தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது.

சார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முற்றத்துக்குள் வந்து கத்தினார். பயத்தினாலா, அவமானத்தினாலா, எனக்குத் தெரியாது. “நல்ல நாளும் அதுவுமா என் வீட்டை இப்படிப் பண்ணிட்டியே! சுவர் அப்படியேதானே இருக்கு? எதை வெச்சு விழும்ங்கற? காட்டு, ஏதாவது ஒரு அடையாளம் காட்டு!”

அடையாளம் அவருக்குப் பின்னால், ஒரு தொட்டி மறைவில் இருந்தது. தொட்டியை நகர்த்தினால் போதும். அக்காவின் கண் அந்தப் பக்கம் போகவே இல்லை. ரேவதி அறைச் சுவரோரமாக நின்றாள். நகர்த்தினால், விரிசலை மறைத்தது யார் என்ற கேள்வி அன்று ராத்திரிக்குள் அவள்மேல் விழும். குழந்தையை அங்கே படுக்கவைத்தவள் என்ற பேச்சு ஆயுசுக்கும் நிற்கும்.

அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார். “காட்ட ஒண்ணும் இல்ல சார். எனக்குப் பயமா இருந்தது. அவ்வளவுதான்.”

“பயமா இருந்ததாம்!” என்று யாரோ சிரித்தார்கள்.

“மழை விடற வரைக்கும் இந்த ரூம்ல யாரும் படுக்க வேண்டாம். விட்டதும் என் மிஸ்திரி வந்து சுவருக்குத் தாங்கு கட்டுவார். அதுக்கு நீங்க ஒண்ணும் தர வேண்டாம். அப்புறம் ரேவதி ரூம் ரேவதிக்கே. அது மட்டும் சொல்லுங்க.”

“யாரு ரூமை யாரு கேக்கறா? கட்டித் தொலை” என்றார் சார்.

வண்டியில் ஏறும்போது ரேவதி குழந்தையோடு மழையில் ஓடிவந்தாள். அவள் அழப்போகிறாள் என்று தெரிந்ததும் அக்கா கண்ணாடியை இறக்கி, “பயமா இருந்தா சொல்லணும். புரிஞ்சுதா? யார்கிட்டயாவது” என்றார். திட்டுகிற மாதிரிதான் இருந்தது.

சார் டெல்லி திரும்பியதும் தமிழர்கள் கூடுகிற இடமெல்லாம் கதை சொன்னார். காதுகுத்து வீட்டுக்குள் செருப்போடு வந்து வெள்ளம் விட்ட பொம்பளை. சுவரோ பாறை மாதிரி நிற்கிறது. கொட்டகைக்கு மலைவீட்டு ஆசைக்காரர்கள் வருவது குறைந்தது. மிஸ்திரி சொன்னபடி தாங்கு கட்டினார். சீக்கிரமே அக்கா கொட்டகையைக் காலி செய்துவிட்டு எங்கோ போய்விட்டார். என்னிடம் சொல்லிக்கொண்டுதான் போனார். அட்டை வெட்டுகிற கத்தியைக் கொடுத்துவிட்டு, “கையை வெட்டிக்குவோமோன்னு பயந்துட்டே வெட்டு, நல்லா வரும்” என்றார். அப்புறம் அவரைப் பற்றி எனக்கு ஒரு தகவலும் இல்லை.

நாங்கள் இப்போது திருநெல்வேலிக்கே திரும்பி வந்துவிட்டோம். வருடாவருடம் மலையில் மழை பிடித்ததும் ரேவதி அந்த வீட்டிலிருந்து போனில் கூப்பிடுவாள். மழைக்கு முன்னாலேயே ஒரு பழைய குடைக்கம்பியால் எல்லாக் குழாய்களையும் குத்தி விட்டுவிடுவாளாம்.

“அக்கா, தண்ணி வருது.”

“எல்லாக் குழாய்லயுமா?”

“எல்லாத்துலயும். மாமா இப்பவும் வர்றவங்ககிட்ட எல்லாம் சுவரைக் காட்டி, ‘அன்னிக்கு ஒருத்தி வந்து சும்மா பயமுறுத்திட்டுப் போனா’ங்கறார்.”

“அந்த நடுவுல, தொட்டி இருந்த இடத்துல?”

என் வீட்டுக்காரர் பேப்பருக்குப் பின்னாலிருந்து, “ஒண்ணும் ஆவாது ஏளா, போனை வை” என்பார். ரேவதி அப்படிச் சொல்வதில்லை. “இருங்கக்கா, போய்ப் பாக்கறேன்” என்பாள். கதவு திறக்கிற சத்தம் கேட்கும். அப்புறம் போன் முழுக்க மழை. நான் போனை வைக்காமல் காத்திருப்பேன்.